மேரையும் மாமூலும்

தமிழில் ஊழலைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் உத்திரமேரூரில்தான் தொடங்குவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் குடவோலை விதிகள், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனையும் அவனுடைய உறவினர்களையும் மறுபடி வாரியத்தின் பக்கமே வரவிடவில்லை என்பது பள்ளிப் பாடம் படித்த எல்லாருக்கும் தெரியும். பெருமைப்படத்தக்க கல்வெட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு பிரமதேயச் சபை தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் விழும். ஏர் பிடித்தவனும் வெளுத்தவனும் ஏரி காத்தவனும் அதிகாரத்தின் முகத்தை எங்கே பார்த்தார்கள், அங்கே கணக்கு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அங்கிருந்து வடக்கே நகர்ந்து பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மறுகோடிக்கு வரவேண்டும். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் என்று தனியே பிரிந்த பகுதி அது. இன்று அதன் பெயரைச் சொன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளும் தேசிய நெடுஞ்சாலையின் லாரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் அதே மண்ணில் அரசாங்கம் என்பது நெற்குவியலின் அருகே மரக்காலோடு நின்றது.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் சென்னையைச் சுற்றியிருந்த நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் தில்லிப் பாதுஷாவின் பர்மானும் அதற்குக் கிடைத்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரங்களும் அதில் அடக்கம். கையில் விழுந்த நாட்டின் விளைச்சல் எவ்வளவு, அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்று கம்பெனிக்குத் தெரியாது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பி 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதச் செய்தது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்ததைத் திரட்டி ஆங்கிலப் பேரேடுகள் ஆக்கினார்கள். வீடுகள் எத்தனை, ஏரிகள் எத்தனை, கோயில் மானியம் எவ்வளவு, மேய்ச்சல் நிலம் எவ்வளவு என்பதோடு, களத்தில் நெல் அடித்து முடித்தபின் குவியலிலிருந்து யாருக்கு எத்தனை மரக்கால் போகும் என்பதும் அந்தக் கணக்கில் ஊர்வாரியாக இருக்கிறது. உலகில் வேறெங்கும் அந்தக் காலத்து எளிய கிராமங்களைப் பற்றி இவ்வளவு நுட்பமான கணக்கு கிடைப்பது அபூர்வம். நம்மவர்கள் அதைப் பெரும்பாலும் ஒரு பொற்காலத்தின் சான்றிதழாகவே படித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

களத்துமேட்டை ஒருமுறை கிட்டே போய்ப் பார்ப்போம். அடித்துத் தூற்றிய நெல் பொலியாகக் கிடக்கிறது. அதன்மேல் ஈரச்சாணியாலோ சாம்பலாலோ குறி போட்டிருக்கும். இரவில் யாராவது கை வைத்தால் குறி கலைந்துவிடும். அளக்கிற நாளில் மிராசுதாரும் பயிரிட்டவனும் சர்க்கார் ஆளும் கணக்குப்பிள்ளையும் நிற்கிறார்கள். அரசுக்கு ஒரு பங்கு, குடிக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதற்கு முன்பே பொதுக் குவியலிலிருந்து கழிவுகள் போகும்: கோயிலுக்கு, தலையாரிக்கு, மடை திறந்து நீர் பாய்ச்சியவருக்கு, தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணாருக்கு, கடைசியாக, அல்லது முதலாக, கணக்கு எழுதியவருக்கு. இந்தக் கழிவுக்கு மேரை என்று பெயர். ஓலைகளிலும் பின்னால் வந்த ரெவின்யூ ஆவணங்களிலும் இன்னொரு பெயரும் உண்டு, சுதந்திரம். 1947-க்கு முன் அந்தச் சொல்லுக்கு இந்த வட்டாரத்துக் களத்தில் இருந்த பொருள், ஊர் வேலை செய்தவன் கேட்காமலே பெறுகிற நெல். அதாவது அதிகாரி மக்களிடமிருந்து நேராக வாங்கிக்கொண்டான். இன்றைக்குச் சட்டப்படி அது குற்றம். அன்றைக்கு அது குற்றமாகாததற்குக் காரணம், அளவு எல்லாருக்கும் தெரியும் என்பதும், கொடுப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளந்தார்கள் என்பதும்தான். மாமூல் என்ற சொல்லின் அரபு வேரும் வழக்கமாக நடப்பது என்பதைத்தான் குறிக்கிறது. மேரையும் வழக்கம், மாமூலும் வழக்கம். ஒன்று மண்ணில் குவித்து அளந்தது, மற்றது மேசைக்கு அடியில் போவது. ஒன்று மற்றொன்றாக எப்படி மாறியது என்பதே இந்தப் பகுதியின் அரசு ஊழிய வரலாறு என்பேன். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதைவிட, யார் காதில் விழும்படி கணக்கு வாசிக்கப்பட்டது என்பதில்தான் அந்த மாற்றத்தின் சாவி இருக்கிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைகள் என்ன அரிச்சந்திரர்களா? 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் எழுதியதைப் படித்தால் ஊர்க்காரர்களும் கணக்கர்களும் சேர்ந்து நிலத்தை மறைத்தார்கள், விளைச்சலைக் குறைத்துக் காட்டினார்கள், சென்னைத் துபாஷிகள் அதற்குத் துணை நின்றார்கள் என்ற புலம்பல்தான் மிகுதி. பிளேஸுக்கு வரியைக் கூட்டிக் காட்டவேண்டிய அவசியம் இருந்தது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். ஆனாலும் பொய்க்கணக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. எந்தக் கணக்கு பொய் என்று பாருங்கள். கச்சேரிக்குப் போன கணக்குதான் பொய். களத்தில் நாவிதனுக்குரிய மரக்காலைக் குறைத்து எழுதினால் நாவிதன் அங்கேயே கேட்டுவிடுவான். காஞ்சிபுரத்திலோ சென்னையிலோ உட்கார்ந்திருந்த துரைக்குக் குறைத்து எழுதினால் கேட்க ஆளில்லை. எதிரில் நிற்காதவனிடம் பொய் சொல்வது சுலபம். ஆக பிளேஸின் குற்றச்சாட்டு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, அதற்கு இன்னொரு முனையைத் தருகிறது.

அந்தத் துரைமார்களின் கணக்கோ அதைவிட மோசம். ஜாகீரைக் கம்பெனி 1780 வரை நவாபிடமே குத்தகைக்கு விட்டிருந்தது. நவாபோ சென்னைக் கவுன்சில் உறுப்பினர்கள் உட்பட வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களிடம் கடன் பட்டிருந்தார். குத்தகையைக் கறாராக வசூலிக்கவேண்டிய அதிகாரியே குத்தகைதாரனுக்கு வட்டிக்குக் கொடுத்தவன். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் இப்படிக் கொழுத்ததைத்தான் எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். பிற்பாடு நவாபின் இந்தக் கர்நாடகக் கடன்களை விசாரிக்க உட்கார்ந்த ஆணையர்கள் முன் வந்த கோரிக்கைகள் 3 கோடிப் பவுண்டைத் தாண்டின. அவற்றில் உண்மையென்று ஏற்றது 30 லட்சத்தைக்கூட எட்டவில்லை. இது ஆங்கிலேயருக்கு மட்டுமே உரிய நோயும் அல்ல. இதே பொன்னேரிக் கரையில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரை முழுவதற்கும் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். டச்சுக் கம்பெனியின் சம்பளம் சொற்பம். ஊழியர்கள் கம்பெனிக் கப்பலில் சொந்தச் சரக்கையும் ஏற்றினார்கள். 1684-இல் ஹாலந்துத் தலைமை, மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலால் புகழ்பெற்ற வான் ரீடைக் கமிஷனர் ஜெனரலாக நியமித்து, வங்காளம், சோழமண்டலம், இலங்கை, மலபார்க் கிடங்குகளின் முறைகேடுகளைத் தோண்டச் சொல்லி அனுப்பியது. தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது அவர் காலத்து ஏற்பாடு. அவர் 1691-இல் சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். கிடங்கு பழவேற்காட்டில், கணக்கைப் படிப்பவர்கள் பட்டாவியாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் என்று இருக்கும்வரை, ஒரு கமிஷனர் வந்து போவது மழைக்காலத்தில் ஏரிக்கரையைப் பூசுவது மாதிரிதான்.

ஆங்கிலக் கம்பெனி கண்ட மருந்து சம்பளம். காரன்வாலிஸ் வங்காளத்தில் கலெக்டரின் மாதச் சம்பளத்தை 1,500 ரூபாயாக உயர்த்தி, வசூலில் சிறு கமிஷனும் கொடுத்து, சொந்த வியாபாரத்தைத் தடுத்தார். அந்த முறை மெல்ல மெல்ல எல்லா மாகாணங்களிலும் படிந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலும் லஞ்சத்திலிருந்து விலகினார்கள் என்பது உண்மை. ஆனால் அதே ஏற்பாடு உயர் பதவிகளை இந்தியர்களுக்கு மூடிவிட்டுக் கீழே இருந்த தாசில்தார், சிரஸ்தார், குமாஸ்தா, சேவகன் எல்லாரையும் சில்லறைச் சம்பளத்தில் விட்டது. சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ 1824 டிசம்பர் 31 தேதியிட்ட நீண்ட குறிப்பில் இதை நேராகச் சொன்னார்: கம்பெனியின் ஐரோப்பிய ஊழியர்கள் குறைந்த சம்பளத்தில் இருந்தபோது நேர்மைக்குப் பெயர் எடுத்தவர்களா என்ன, சம்பளமும் மதிப்பும் கொடுத்தபின் அவர்கள் மாறவில்லையா, அதே நியாயம் இந்த நாட்டவருக்கும் பொருந்தாதா என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு கவர்னர் தன் சொந்த இனத்தின் பழைய திருட்டை எடுத்துக்காட்டாக வைத்து வாதாடியது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். இருந்தாலும் மன்றோ பாதி வழிதான் போனார். சம்பள உயர்வோடு சேர்ந்து வெள்ளைக்கார அதிகாரியின் தலைமேல் பாராளுமன்ற விசாரணையும் லண்டன் பத்திரிகையும் வந்து உட்கார்ந்தன. அவன் கணக்கைக் கேட்க அவன் நாட்டில் ஆட்கள் இருந்தார்கள். பொன்னேரித் தாசில்தாரின் கணக்கைக் கேட்க பொன்னேரியில் யாரும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் நடந்ததை 1854-இல் சென்னை அரசு அமைத்த விசாரணைக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. 1816-இன் ஒழுங்குமுறைச் சட்டங்களால் வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் அதிகாரியும் ஆகியிருந்தார். கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852-இல் தொடங்கிய சென்னை சுதேசிச் சங்கம், வரிக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தது. டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853-இல் நேரில் வந்து பார்த்துப் போய்ப் பேசினார். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரும் கொண்ட குழுவின் முன் சில மாதங்களிலேயே கிட்டத்தட்ட 2,000 புகார்கள் குவிந்தன. அறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களுக்கு நடுவே இரண்டு தமிழ்ச் சொற்கள் மறுபடி மறுபடி தலைகாட்டுகின்றன. ஒன்று கிட்டி, விரல்களை இடையில் வைத்து நெருக்கும் கட்டை. மற்றது அண்ணந்தாள், கழுத்தைக் காலோடு கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. ஒன்றிரண்டு ரூபாய் வரி பாக்கிக்கெல்லாம் இது நடந்தது. வரிக்காக என்று ஆரம்பித்த கிட்டி, சேவகனின் கைச்செலவுக்காகவும் இறுகியது. மக்கள் ஏன் அதற்கு முன் புகார் செய்யவில்லை என்பதற்கு அந்தக் குழு தந்த விடையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்: கலெக்டர் தூரத்தில் இருந்தார், வழியில் இருந்தவர்கள் எல்லாரும் புகாருக்கு ஆளானவர்களே, மனுவை எழுதுபவனும் மேலே சேர்ப்பவனும் அவர்களில் ஒருவன். பழி முழுவதையும் சுதேசி அதிகாரிகள்மீது போட்டு, துரைமார்களுக்கு ஒன்றும் தெரியாது என்று குழு கைகழுவியதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. வருஷா வருஷம் பாக்கியில்லாமல் பணம் வந்து சேர்வதைப் பார்த்தவர்கள், அது எப்படி வந்தது என்று கேட்காமல் இருந்ததும் ஒரு செயல்தான்.

விசாரணையின் பலன்கள் சிறியவை அல்ல. 1859-இல் 24-ஆம் சட்டம் போலீஸை ரெவின்யூவிலிருந்து பிரித்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவுக்கு எடுத்துக்காட்டு சொல்லும் இடத்தில், வரி பாக்கியை வசூலிக்க ஒருவரைச் சித்திரவதை செய்யும் ரெவின்யூ அதிகாரியையே நிறுத்தியது. லஞ்சத்துக்கு 161-ஆம் பிரிவு வந்தது: சட்டப்படியான ஊதியம் தவிர எதையும் வாங்கக்கூடாது. அந்தப் பிரிவு எழுதப்பட்ட நாளில் மேரை சட்டத்தின் கண்ணில் சாகத் தொடங்கிவிட்டது. ஊர் அதிகாரிகளின் மானியங்களையும் நெல் வருமானத்தையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் குடிகளிடம் ஒரு செஸ் வசூலித்துக் கணக்குப்பிள்ளையான கர்ணத்துக்கும் மணியக்காரருக்கும் ரொக்கச் சம்பளம் கொடுக்கும் முறை 1864-க்குப் பின் படிப்படியாக வந்தது. காகிதத்தில் இது சீர்திருத்தம். நடைமுறையில் கர்ணத்துக்குச் சோறு போடுகிறவன் களத்திலிருந்து கஜானாவுக்கு மாறினான். களத்தில் நெல் கொடுத்த குடிக்குக் கர்ணத்தைக் கேள்வி கேட்கும் பாத்தியதை இருந்தது. கஜானாவில் செஸ் கட்டிய குடிக்கு ரசீது மட்டுமே மிஞ்சியது. கர்ணத்தின் கையில் இருந்த அடங்கலும் சிட்டாவும் அப்படியே இருந்தன. அவற்றில் ஒரு வரி ஏறவும் இறங்கவும் ஆகும் செலவை இனி தனியாகத்தான் பேசவேண்டும்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான மிகக் கனமான ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் கணக்கு எல்லார் முன்னும் வாசிக்கப்பட்டது என்கிறீர்களே, அந்த எல்லாரில் யார் யார்? இந்தக் கேள்விக்கு இதே ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹியர் 1891-இல் பறையர்களைப் பற்றிக் கொடுத்த அறிக்கை இரக்கமில்லாத பதில் சொல்கிறது. நெல்லை விளைவித்த பண்ணையாட்களுக்குக் களத்தில் கூலி உண்டு, குரல் இல்லை. அவர்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாருடையது என்று சொல்லப்பட்டது. தரிசு நிலத்துக்கு அவர்கள் தர்க்காஸ்து கொடுத்தால் மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. அந்த விண்ணப்பத்தின்மேல் குறிப்பு எழுதவேண்டிய கர்ணமும் மணியக்காரரும் மிராசுதாரின் சொந்தக்காரர்கள், அல்லது அவரேதான். அந்த அறிக்கையின் விளைவாகவே 1892 செப்டம்பர் 30-இல் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒதுக்கீட்டுக்கான 1010 எண் அரசாணை பிறந்தது. லஞ்சம் ஒரு பைசா கைமாறாமல், எல்லாரும் பார்த்திருக்க, கணக்கு ஒரு சாதியையே இல்லாததாக ஆக்க முடியும். இதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆனால் இதிலிருந்து, ஆகவே தூரத்துக் கச்சேரியே மேல் என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ட்ரெமென்ஹியர் என்ற ஒரு கலெக்டர் நியாயமாக எழுதினார். அவருடைய ஆணையை நிறைவேற்றியதோ அதே ஊர்க் கணக்குதான். பஞ்சமி நிலங்கள் பிறகு எத்தனை கைகளுக்கு எப்படிப் போயின என்பது வட தமிழ்நாட்டில் இன்றும் ஆறாத புண். மேலிருந்து வரும் நல்லெண்ணமும், கேட்கும் உரிமையில்லாதவனின் பெயரைக் கணக்கில் நிலைக்கவைக்க முடியவில்லை. களத்தைச் சுற்றி நின்ற வட்டம் சிறியது என்பதே அதன் குறை. வட்டமே கூடாது என்பதற்கு அது ஆதாரமாகாது.

வட்டமே இல்லாத இடம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேறெங்கும் போகவேண்டாம், சென்னையிலிருந்து வடக்கே போகும் சாலை போதும். பழைய நாளில் இதன் ஓரங்களில் சாயர் என்ற உள்நாட்டுச் சுங்கம் வசூலிக்கும் சவுக்கிகள் இருந்தன. மூட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சவுக்கியிலும் நிற்கவேண்டும். சென்னை மாகாணத்தில் அதை 1844-இன் 6-ஆம் சட்டம் ஒழித்தது. ஒழித்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, சர்க்காருக்கு வந்ததைவிடச் சவுக்கிக்காரனுக்குப் போனது வணிகர்களை அதிகம் வாட்டியது என்பது. 20-ஆம் நூற்றாண்டில் விற்பனை வரியோடு சோதனைச்சாவடிகள் அதே சாலையில் திரும்ப வந்தன. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் போயின. போக்குவரத்துத் துறையின் சாவடிகள் எல்லையில் அப்படியே இருந்தன. கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூர்ச் சாவடியில் ஊழல் தடுப்புப் போலீசார் திடீர்ச் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றியதாகச் செய்தி வருவது இந்தப் பக்கத்துப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. அங்கே வேலைசெய்கிறவர்கள் மற்ற அலுவலகங்களில் இருப்பவர்களைவிடக் கெட்டவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இடத்தின் அமைப்பைப் பாருங்கள். கொடுப்பவன் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ இரவு முழுக்க வண்டி ஓட்டி வந்தவன். வாங்குகிறவனை அவன் மறுபடி பார்க்கப்போவதில்லை, சரக்கு நேரத்துக்குச் சேரவேண்டும், பணம் முதலாளியின் வழிச்செலவுக் கணக்கில் போய்விடும். கேட்பதற்கு யாருக்கும் நேரமும் இல்லை, காரணமும் இல்லை. களத்துமேட்டின் நேர் எதிர்முனை இது. தொகை மட்டும் மேரை மாதிரியே எல்லாருக்கும் மனப்பாடம்.

சுதந்திர இந்தியா இதைச் சட்டத்தாலும் துறைகளாலும் எதிர்கொண்டது. 1947-இலேயே ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது, 1988-இல் புதுச்சட்டம். நம் ஊர் கே. சந்தானத்தின் தலைமையில் 1962-இல் அமைந்த குழு 1964-இல் தந்த அறிக்கையால் மத்தியக் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. கோப்பை நகர்த்துவதற்கென்றே கொடுக்கும் பணம் பரவிவிட்டதை அந்த அறிக்கை அப்போதே குறித்தது. தப்பான காரியத்துக்கு அல்ல, நியாயமாக நடக்கவேண்டிய காரியம் இன்றைக்கே நடக்க. அதே 1964-இல் தமிழகத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கியது. கர்ணமும் மணியக்காரரும் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டத்தால் ஒரே நாளில் ஒழிந்தார்கள். 20,000-க்கும் மேற்பட்ட பதவிகள் போயின, 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வெழுதி, மாற்றலுக்கு உட்பட்டு, முழுச் சம்பளம் வாங்கும் கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். பரம்பரைப் பிடி போனது பெரிய நன்மை, அதைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்குக் கிராமம் தெரியாது. மன்றோ கேட்ட சம்பளமும் கிடைத்துவிட்டது. ஆனாலும் பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவர்கள் செய்தி நின்றபாடில்லை. பிடிக்கும் முறையில் ஒரு ரசாயன நாடகம் உண்டு. ரூபாய் நோட்டில் பினாப்தலின் பொடியைத் தடவிப் புகார்தாரர் கையில் கொடுத்தனுப்புவார்கள். நோட்டு கைமாறியதும் காத்திருந்த போலீசார் உள்ளே போய், அலுவலரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைத்த நீரில் முக்கச் சொல்வார்கள். தெளிந்த நீர் இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் புட்டியில் அடைத்து, அரக்கு வைத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நோட்டைத் தொட்ட விரலை இந்த நீர் சரியாகக் காட்டிவிடும். மனு ஏன் மூன்று மாதம் அந்த மேசையில் கிடந்தது, வாங்கியதில் யார் யாருக்குப் பங்கு என்பதைக் காட்டும் நீர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வழக்கு நடத்தவோ அரசின் முன் அனுமதி வேண்டும். 2018 திருத்தத்தில் கொடுப்பவனும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் அவன் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பாதையும் மேல்நோக்கியே போகிறது.

தொழிற்பேட்டை வந்தபோது இந்தக் கணக்கின் விலை பல மடங்கானது. சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவாகி, பிறகு கும்மிடிப்பூண்டியிலும் வளாகம் அமைத்தபின், அடங்கலில் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று எழுதியிருக்கும் ஒரே சொல் ஒரு குடும்பத்தின் இழப்பீட்டையும் ஓர் ஊரின் மேய்ச்சலையும் தீர்மானித்தது. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கரில் இன்னொரு வளாகம் அமைத்ததை எடுத்துக்கொள்வோம். மாடு மேய்க்கவும் விறகெடுக்கவும் ஏரிகளுக்கு நீர் வரவும் ஊரார் நம்பியிருந்த நிலம் அது. ஊரில் பெரும்பாலோர் தலித்துகள். அரசுக் கணக்கில் அது அரசின் நிலம், ஆகவே யாரிடமும் வாங்கவேண்டியதில்லை. இங்கே யாரும் லஞ்சம் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பர்னார்டின் ஓலைகள் மேய்ச்சல் நிலத்தை ஊருடைய சொத்துகளோடு எண்ணின. நூற்றாண்டுகளில் அது சர்க்கார் புறம்போக்காக மாறியது, அந்த மாற்றம் எந்தக் களத்திலும் வாசிக்கப்படவில்லை. 2009-இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் அங்கே ஆலை அமைக்க ஒப்பந்தம் போட்டது. போராட்டம், வழக்கு எல்லாம் ஆனபின், 2012-இல் ஊர்ச் சங்கமும் தமிழக நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளுடன் சேர்ந்து பாரிஸில் ஒரு முறையீடு கொடுத்தன. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. வழிகாட்டுதல்களைக் கவனிக்கும் பிரெஞ்சு அரசின் மையம் அதை விசாரித்து 2013-இல் அறிக்கை வெளியிட்டது. முறையிட்டவர்கள் இடையிலேயே அதிருப்தியோடு விலகினார்கள். நிறுவனத்துக்குச் சில பரிந்துரைகளோடு கோப்பு முடிந்தது. ஊராட்சியிலும் தாலுகாவிலும் கிடைக்காத பதிலைத் தேடி ஒரு கிராமம் கடல்கடந்து கேட்கப்போனது. ஒருகாலத்தில் பழவேற்காட்டுக் கணக்கைப் படிக்க ஆம்ஸ்டர்டாமில் ஆள் இருந்த மாதிரி.

இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டதே, அ-பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாமே, இன்னும் எந்தக் களத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் இப்போது ஆள் முகம் பார்க்காமலே நடக்கிறது, அந்த வழியில் மாமூலுக்கு இடம் சுருங்கித்தான் இருக்கிறது. சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்யவேண்டிய மனு மட்டும் பழையபடி யாரோ ஒருவரின் வருகைக்காகக் காத்திருக்கிறது. பார்க்க முடிவது வேறு, கேட்க முடிவது வேறு. தமிழ்நாடு 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம். விதிவிலக்குகளால் நிரம்பிய அந்தச் சட்டத்தால் ஒன்றும் பெரிதாக அசையவில்லை. அதே காலத்தில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு செய்தது வேறு. 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் தொடங்கி, ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியலைக் கூலி வாங்கியதாகப் பெயருள்ளவர்களின் முன்னிலையிலேயே உரக்க வாசித்தது. செத்தவர் பெயரும் ஊரில் இல்லாதவர் பெயரும் பட்டியலில் வந்தபோது கூட்டம் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது. 2005-இன் வேலை உறுதிச் சட்டத்தில் கிராமசபையின் சமூகத் தணிக்கை இடம்பெற்றது அந்த வாசிப்பின் தொடர்ச்சி. நம் கிராமசபையில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. ஊரின் நிலக் கணக்கு அங்கே வருவதில்லை.

நிலக் கணக்குக்கென்று வேறொரு நாள் இருக்கிறது. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால், மே, ஜூன் மாதங்களில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் அடங்கல், சிட்டா, இன்ன பிற கணக்குகளைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து ஜமாபந்தி அலுவலரின் மேசையில் வைப்பார். நில அளவைச் சங்கிலியையும் கொண்டுவரவேண்டும். செயற்கைக்கோளால் அளக்கும் இந்த நாளிலும் அலுவலர் அந்த இரும்புச் சங்கிலியைத் தரையில் நீட்டச் சொல்லிப் பார்வையிடுவார், பத்திரிகைக்குப் படமும் எடுப்பார்கள். வெளியே பந்தலில் மனுக்களோடு ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி நாளுக்குக் குடிகள் மாநாடு என்று பெயர். குடிகள் கூடிக் கணக்கைக் கேட்கும் நாள் என்றுதான் பெயரைக் கேட்டால் தோன்றும். அன்றைக்கு மேடை போட்டு, பட்டா ஆணைகளும் உதவித்தொகை ஆணைகளும் வழங்குவார்கள். கணக்குக் கட்டுகள் அதற்கு முன்பே கையெழுத்தாகித் திரும்பவும் துணியில் முடிந்தாகியிருக்கும்.